முறிந்த காலும் தொடாக் காஞ்சியும்

விழா மலருக்கு இலக்கியக் கட்டுரை ஒன்று எழுதித் தருமாறு மலர்க் குழுவினர் பணித்தனர். புறநானூற்றுப் பாட்டொன்றைப் பற்றி எழுதுவதாக நானும் உடன்பட்டேன். ஆயின், அந்தப் பாட்டை எடுத்து வைத்துக்கொண்டு எழுத அமர்ந்தபொழுதெல்லாம் என் மனம் ஏட்டை விட்டுவிட்டு யட்டவத்த மலைச்சரிவுக்கே ஓடிற்று. ஆதலின் பாட்டையும் அந்தச் சரிவையும் சேர்த்தே எழுதுகின்றேன். இலக்கிய இன்பம் மட்டும் நாடிப் பக்கத்தைப் புரட்டும் பழைய மாணவர்கள் பொறுத்தருள்வார்களாக.

பாட்டு, புறநானூற்றின் 281-ஆம் பாட்டு, அரிசில்கிழார் பாடியது. போரிலே புண்பட்டு வீடு வந்து சேர்ந்த வீரன் ஒருவனை மகளிர் காக்கும் காட்சி அதில் உண்டு. வீட்டின் இறப்பில் இரவ மரத் தழையையும் வேப்பந் தழையையும் செருகுகின்றனர்; வெண்கடுகைச் சிதறுகின்றனர்; குழல் ஊதி, மணி ஒலித்து, காஞ்சிப் பண் பாடி, மனையெங்கும் நறும்புகை எழுப்புகின்றனர். புண்ணுற்றவனைப் பேய் வந்து தீண்டும் என்பது அக்காலத்தவர் நம்பிக்கை. அப் பேய் கிட்ட நெருங்காதபடி மனைவி காத்து நிற்பதைத் தொல்காப்பியர் தொடாக் காஞ்சி என்று புறத்திணையியலிற் குறித்தார். பயிற்சிக் கலாசாலையில் இதனைப் படித்த காலத்தில், 'தொடா' என்பது ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம் என்று எழுதி மதிப்பெண் பெற்றதோடு என் ஈடுபாடு முடிந்துவிட்டது. அச் சொல்லின் பொருள் எனக்கு விளங்கியது 2009-ஆம் ஆண்டில், அதுவும் காலங்கடந்து.

அவ்வாண்டு ஐப்பசி மாதம், மழை விட்டிருந்த ஒரு மாலை. என் தம்பிக்கு அப்பொழுது 23 வயது. விறகு ஏற்றிய லேண்ட்மாஸ்டரை இறப்பர் மரங்களுக்கு நடுவே செல்லும் சரிவுப் பாதையில் இறக்கிக்கொண்டு வந்தான். பெட்டியின் பாரம் முன்னே தள்ள, இயந்திரம் பள்ளத்திற் கவிழ்ந்தது. சத்தங் கேட்டு நாங்கள் ஓடிப் பார்த்தபொழுது, இடது கணைக்கால் நடுவே முறிந்து, எலும்பின் முனை தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே தெரிந்தது. சேறும் அழுகிய சருகும் புண்ணுக்குள் அப்பியிருந்தன.

அடுத்து நான் செய்தவற்றை மறைக்காமற் சொல்கின்றேன். முதலில் பீலித் தண்ணீரை வாளியில் எடுத்து வரச் செய்து புண்ணில் ஊற்றினேன். இரத்தம் நிற்கவில்லை. அயல் வீட்டுப் பாட்டி ஒருவர் தகர டப்பாவுடன் ஓடி வந்து, "மாஸ்டர், கோப்பித் தூளை அமுக்கிப் போடுங்க, ரத்தம் நின்னுரும்" என்றார். நான் என் கையாலேயே ஒரு பிடி அள்ளி வைத்து அழுத்தினேன். பழைய சாரம் ஒன்றைக் கிழித்துக் கட்டினேன். தம்பி வலியால் துடித்தான், தொண்டை காய்கிறது என்றான், பிளேன்ரீ கொடுத்தோம். பின்பு எங்கே கொண்டுபோவது என்று பெரியவர்கள் கூடிப் பேசினார்கள். முறிவுக்குப் பேர்போன சிங்கள வைத்தியர் ஒருவர் சில கட்டை தூரத்தில் இருந்தார். மரத்திலிருந்து விழுந்தவர்கள் பலருக்கு எண்ணெய் பூசி மட்டை வைத்துக் கட்டிச் சுகப்படுத்தியவர். அவரிடமே போவதென்று முடிவாயிற்று.

அந்த முதியவரை நான் இன்றும் நன்றியோடு நினைக்கின்றேன். அவர் கட்டைச் சிறிது விலக்கிப் பார்த்தார், உடனே மூடினார். தோல் கிழியாத முறிவுக்குத்தான் தம் வைத்தியம் என்றும், எலும்பு காற்றைக் கண்டுவிட்டால் அது தம்முடைய வேலை அன்று என்றும், ஒரு நிமிடமும் தாமதியாமல் பெரியாசுபத்திரிக்குக் கொண்டுபோகும்படியும் சொன்னார். கூலி ஒன்றும் வாங்கவில்லை. அன்று அங்கு நின்ற அத்தனை பேரிலும், படித்த என்னையும் சேர்த்து, விடயம் அறிந்தவர் அவர் ஒருவரே. விபத்து நாலரை மணிக்கு. வைத்தியசாலையில் முதல் ஊசி ஏறியபொழுது இரவு மணி ஒன்பதை நெருங்கிவிட்டது.

பின்னர் நடந்தவற்றைச் சுருக்கிச் சொல்லிவிடலாம்; விரித்தால் எனக்கும் தாங்காது. அன்றிரவே சத்திரசிகிச்சை நடந்தது. காலுக்கு வெளியே கம்பிச் சட்டம் பூட்டினார்கள். ஒன்பதாம் நாள் சீழ் கண்டது. மீண்டும் துப்புரவு, மீண்டும் மருந்து, மீண்டும் சீழ். புண் மூடியதுபோலத் தோன்றும். இரண்டு மாதத்தில் சிவந்து, வீங்கி, ஒரு சிறு துளை வழியாக ஒழுகும். இறந்துபோன எலும்புத் துண்டுகளை இரண்டு முறை எடுத்தார்கள். 2012-ஆம் ஆண்டு பங்குனியில் முழங்காலுக்குக் கீழே காலை எடுத்துவிட்டார்கள். தம்பி அன்று மாலை என்னிடம் சொன்னது ஒரே வாக்கியம்: "விடுங்க அண்ணே, நாத்தம் போயிருச்சு."

அந்தக் கோப்பித் தூள்தான் காலைக் கொன்றதா? இக் கேள்வியை நம் கல்லூரியின் பழைய மாணவரும் என்பு முறிவுச் சத்திரசிகிச்சையிற் பயின்றவருமாகிய நண்பர் ஒருவரிடம் பல ஆண்டுகள் கழித்துக் கேட்டேன். அவர் என்னைத் தேற்றவும் இல்லை, பழிக்கவும் இல்லை. சேறு, தாமதம், நசுங்கிய தசை, நீங்கள் போட்ட தூள், எல்லாம் ஒரே பக்கத்தில் நின்றன. எதற்கு எத்தனை பங்கு என்று பிரிக்க இயலாது என்றார். அதன்பின் அவர் விளக்கியவற்றையும், அவர் காட்டிய நூல்களிற் படித்தவற்றையும் கொண்டே மேலே எழுதுகின்றேன்.

கணைக்கால் எலும்பை ஒருமுறை விரலால் தடவிப் பாருங்கள். முன்புறத்தில் எலும்புக்கும் உலகத்துக்கும் நடுவே தோல் ஒன்றுதான் உண்டு. தொடையிலே எலும்பைச் சுற்றித் தசை தடிப்பாக இருக்கிறது. தசை என்றால் குருதி, குருதி என்றால் காவல். கணைக்காலுக்கு அந்தக் காவல் குறைவு. ஆகையால் எலும்பு தோலைக் கிழித்து வெளிவரும் திறந்த முறிவுகளிலே கணைக்கால் முறிவு மிகவும் அஞ்சத்தக்கது. கிருமி உள்ளே புகுந்து, குருதியோட்டம் அற்ற எலும்புத் துண்டிலோ, வைத்தியர் பொருத்திய உலோகத்திலோ ஒட்டிக்கொண்டால், தன்னைச் சுற்றி வழுவழுப்பான படலம் ஒன்றை உண்டாக்கிக்கொள்கிறது. ஓடையில் மிதிகல்லின்மேல் பாசி படர்வதை நாம் பார்த்திருக்கின்றோம். எத்தனை தண்ணீர் ஓடினாலும் அது கழுவுண்டு போவதில்லை. மருந்து குருதியோடு சேர்ந்தே செல்வது. குருதி எட்டாத இடத்துக்கு மருந்தும் எட்டாது. தம்பியின் கால் ஆறுவதும் ஒழுகுவதுமாக இருந்ததற்குக் காரணம் இதுவே. ஆழத்திலே கிருமி குடியேறிய பின் செய்யும் வைத்தியம் பெரும்பாலும் நீண்ட போராட்டம். குடியேறாமற் காப்பதற்கோ வாய்ப்பு முதற் சில மணி நேரத்திலேதான் கிடைக்கிறது.

இந்த உண்மையை உலகம் அறிந்ததற்கு இன்னும் இருநூறு ஆண்டு ஆகவில்லை. அதற்கு முன் திறந்த முறிவு என்றாலே காலை வெட்டிவிடுவதுதான் பெருவழக்கு. 1756-இல் இலண்டனிலே பெர்சிவல் பொட் என்னும் சத்திரவைத்தியர் குதிரையிலிருந்து விழுந்து கால் முறிந்தார். எலும்பு வெளியே வந்துவிட்டது. அவர் தம்மை எவரும் தூக்கவிடாமல் கிடந்த இடத்திலே கிடந்து, கதவொன்றை விலைக்கு வாங்கச் செய்து, அதிலே தண்டுகளை அறைந்து, அதன்மேற் கிடந்தபடி வீடு போய்ச் சேர்ந்தாராம். வெட்டுவதற்குக் கருவிகள் ஆயத்தமான வேளையில் அவருடைய ஆசிரியர் வந்து தடுத்தமையால் கால் பிழைத்தது. ஆட்டாமல் அசைக்காமல் வந்த புண்ணியமும் அதிற் சேர்ந்திருக்கும் என்றே நான் நினைக்கின்றேன்.

1865-ஆம் ஆண்டு ஆகத்து மாதம் கிளாஸ்கோ நகர வைத்தியசாலைக்கு 11 வயதுச் சிறுவன் ஒருவனைக் கொண்டுவந்தார்கள். வண்டிச் சக்கரம் ஏறி இடது கணைக்கால் முறிந்து தோலும் கிழிந்திருந்தது. ஜோசப் லிஸ்டர் என்னும் பேராசிரியர், புண் அழுகுவது கண்ணுக்குத் தெரியாத உயிர்களால் என்று பாஸ்டர் கூறியதை நம்பியவர். அவர் காபோலிக் அமிலத்தில் தோய்த்த துணியால் அப் புண்ணை மூடினார். நான்கு நாள் கழித்துத் திறந்து பார்த்தால் சீழ் இல்லை. ஆறு கிழமையில் எலும்பு பொருந்திற்று. அவ்வாறு வைத்தியம் செய்த 11 திறந்த முறிவுகளின் வரலாற்றை அவர் 1867-இல் வெளியிட்டார். 9 பேர் காலோடு பிழைத்தார்கள். அரிசில்கிழார் பாட்டில் வரும் மகளிருக்கும் லிஸ்டருக்கும் இடையே எத்தனையோ நூற்றாண்டுகள். பேய் என்றதைக் கிருமி என்று மாற்றினால் இருவரும் செய்ய முயன்றது ஒன்றே.

நம் இனத்தவர் ஆற்றிய பணி ஒன்றையும் இங்கே குறிப்பிடல் வேண்டும். கோயம்புத்தூரில் உள்ள கங்கா மருத்துவமனையினர், கடுமையான திறந்த கணைக்கால் முறிவுகளை ஆராய்ந்து, காலைக் காக்க இயலுமா இயலாதா என்று கணிப்பதற்கு ஒரு மதிப்பெண் முறையை 2006-இல் வெளியிட்டனர். தோல், எலும்பு, தசை நரம்பு என்னும் மூன்றுக்கும் தனித்தனியே ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண். அவற்றோடு, நோயாளியின் நிலையிலே பாதகமானவை ஒவ்வொன்றுக்கும் இரண்டு மதிப்பெண் கூடும். மொத்தம் 14 வரை வந்தால் காலைக் காக்கலாம். 17 அல்லது அதற்கு மேலானால் எடுப்பதே நன்று. நடுவே நின்றால் அனுபவமுள்ளவர்கள் கூடி முடிவு செய்தல் வேண்டும். நம் பரீட்சைகளுக்கு மாறாக இங்கே மதிப்பெண் குறையக் குறைய நன்மை. அந்தப் பாதகப் பட்டியலில் இரண்டைக் கண்டபொழுது என் நெஞ்சு அடைத்தது: சாக்கடை அல்லது பண்ணை நிலத்து அழுக்குக் கலந்தமை, துப்புரவு செய்வதற்கு 12 மணி நேரத்துக்கு மேற்பட்டமை. முன்னது தம்பிக்கு இருந்தது. பின்னதற்கு நாங்கள் இன்னுஞ் சற்றுத் தாமதித்திருந்தால் அதையும் தேடிக்கொண்டிருப்போம்.

ஆறு மணி நேரத்துக்குள் துப்புரவு செய்தே தீரல் வேண்டும் என்பது நெடுங்காலம் வேதவாக்காக இருந்ததாம். அதன் வேர், 1898-இல் பிரீட்ரிக் என்னும் ஜெர்மானியர் கினிப்பன்றிகளின் புண்ணில் மண்ணை இட்டுச் செய்த பரிசோதனை. இன்றைய வைத்திய உலகம் அதனைச் சற்றுத் தளர்த்தியுள்ளது. பிரித்தானிய வழிகாட்டலின்படி, பண்ணைச் சேறும் சாக்கடையும் கலந்த புண்ணை உடனே துப்புரவு செய்தல் வேண்டும். பெருவிசையால் நேர்ந்த முறிவை 12 மணி நேரத்துக்குள்ளும், ஏனையவற்றை 24 மணி நேரத்துக்குள்ளும் செய்யலாம். அவசரப்பட்டு அனுபவமற்ற கையிற் கொடுப்பதைக் காட்டிலும் தேர்ந்த கைக்குக் காத்திருத்தல் நன்று. ஆனால் தளர்த்தாத ஒன்று உண்டு. கிருமிகொல்லி மருந்து ஊசி வழியாக ஒரு மணி நேரத்துக்குள் ஏறல் வேண்டும். ஏற்பூசி அதனோடு சேர்ந்தது.

துப்புரவு என்று நான் எழுதுவது கழுவுதலை மட்டும் குறிப்பதன்று. இறந்த தசையை வெட்டி நீக்குதலே அதன் உயிர். தசை உயிருடன் உள்ளதா என்பதை நிறத்தாலும், உறுதியாலும், கிள்ளினாற் சுருங்குவதாலும், வெட்டினாற் குருதி கசிவதாலும் அறிவார்களாம். இரங்கி விட்டுவைத்த இறந்த தசை கிருமிக்குச் சோறு. கழுவுவதற்கு எது சிறந்தது என்று 2,400-க்கு மேற்பட்ட நோயாளிகளிடம், இந்தியா உள்ளிட்ட ஐந்து நாடுகளில், ஆராய்ந்து 2015-இல் முடிவு வெளியிட்டார்கள். சவர்க்கார நீரால் கழுவப்பட்டவர்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 15 பேருக்கும், வெறும் உப்பு நீரால் கழுவப்பட்டவர்களில் ஏறத்தாழ 12 பேருக்கும் மறுபடி சத்திரசிகிச்சை வேண்டியதாயிற்று. பீய்ச்சி அடித்தாலும் மெல்ல ஊற்றினாலும் பயன் ஒன்றே. புண்ணின்மேற் பூட்டிக் காற்றை உறிஞ்சும் விலையுயர்ந்த கருவியையும் சாதாரணக் கட்டையும் பிரித்தானியாவில் 460 பேரிடம் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். 2018-இல் வெளிவந்த முடிவின்படி, ஆழ்ந்த தொற்றைத் தடுப்பதிற் கருவி மேம்படவில்லை. ஏழை நாட்டு ஆசிரியனாகிய எனக்கு இச் செய்திகள் ஒரு வகை ஆறுதல் தந்தன. பெரும் பணத்தால் வாங்க வேண்டியவை அல்ல, நாம் தவறவிட்டவை.

எலும்பை அசையாமல் நிறுத்துதல், புண்ணை மூன்று நாளைக்குள் உயிருள்ள தசையாலோ தோலாலோ மூடுதல், புகைத்தலை விடுதல் ஆகியவை அடுத்த படிகள். அவை வைத்தியரும் நோயாளியும் பார்த்துக்கொள்ள வேண்டியவை. முதற் படியிலே நிற்பவர் வைத்தியர் அல்லர். வழியிற் போகும் நீங்களும் நானுமே.

இனி 2023-ஆம் ஆண்டு ஆவணி மாதத்துக்கு வருகின்றேன். பாடசாலை விட்டு மாணவர்கள் போய்க்கொண்டிருந்த வேளை, யட்டவத்த வீதி வளைவு ஒன்றில், உயர்தர வகுப்பு மாணவன் ஒருவனை லொறி மோதிற்று. நான் போய்ச் சேர்ந்தபொழுது கூட்டம் கூடியிருந்தது. வலது கணைக்கால், அதே கோணல். எலும்பு வெளியே தெரிந்தது. என் கால்கள் தளர்ந்தன. வளைவிலே சிறு கடை வைத்திருக்கும் என் தம்பி, செயற்கைக் காலை இழுத்துக்கொண்டு எனக்கு முன்பே அங்கு வந்துவிட்டான். சுவசெரியவுக்கு 1990-ஐ அழைத்துவிட்டு, "அண்ணே, மணி மூணு இருபது" என்றான். தன் உள்ளங்கையில் பேனையால் அதனை எழுதியும் வைத்திருந்தான்.

ஒரு பெண்மணி கோப்பித் தூளோடு வந்தார். நான் அவர் கையைத் தட்டிவிட்டேன். தூள் தெருவிற் சிந்திற்று. வயதில் மூத்தவரிடம் அப்படி நடந்துகொண்டதற்கு மறுநாள் அவர் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். அவரும் நல்லதை நினைத்தே வந்தார். 2009-இல் நான் நினைத்ததுபோல. கடையிலிருந்து தம்பி துவைத்து மடித்த வெள்ளைத் துணி கொண்டுவந்தான். புண்ணைக் கழுவவில்லை. எலும்பை உள்ளே தள்ளவில்லை. துணியை மேலே வைத்து இரத்தம் நிற்குமளவு அழுத்தி, காலுக்கு இருபுறமும் இரண்டு பலகைத் துண்டுகளை வைத்துக் கட்டினோம். தண்ணீர் கேட்டு அழுதான். மயக்க மருந்து கொடுக்க வேண்டியிருக்கும் என்பதால் உதட்டை மட்டும் நனைத்தோம். பார்க்க வந்தவர்கள் துணியைத் தூக்கிப் பார்க்க முயன்றபொழுது தம்பி அதட்டி விலக்கினான். திறந்து பார்க்கும் ஒவ்வொரு முறையும் ஒரு தீண்டலே. சில வைத்தியசாலைகளில் புண்ணை ஒரு தடவை படம் எடுத்து வைத்துக்கொண்டு, பின்பு வருகின்ற வைத்தியர்களுக்குப் படத்தையே காட்டுவதும் இதன் பொருட்டுத்தான் என்று நண்பர் சொல்லியிருந்தார்.

மூன்று முப்பத்தெட்டுக்கு வண்டி வந்தது. நானும் ஏறிக்கொண்டேன். மாத்தளையில் முதல் ஊசி ஏறியபொழுது மணி நாலு இருபத்தைந்து. ஒரு மணி நேரத்துக்கு ஐந்து நிமிடம் கூடிவிட்டது. அந்த ஐந்து நிமிடத்தை எண்ணி அன்றிரவு நான் உறங்கவில்லை. அன்றே துப்புரவு செய்தார்கள். பின் கண்டிக்கு மாற்றி, மூன்றாம் நாள் கெண்டைத் தசையின் ஒரு பகுதியைத் திருப்பிப் புண்ணை மூடினார்கள். ஒன்பதாம் நாள் நான் போய்க் கட்டிலருகே நின்றேன். சீழ் இல்லை. ஆயினும், "ஓராண்டு கழியட்டும், மாஸ்டர், பிறகு சொல்கிறேன்" என்றே நண்பர் தொலைபேசியிற் சொன்னார். ஓராண்டு கழிந்தது. இரண்டாம் ஆண்டும் கழிந்துவிட்டது. அவன் சற்றுத் தாங்கி நடக்கின்றான். இரண்டு காலிலும் நடக்கின்றான்.

பழைய மாணவர் சங்கத்தார் விழா நினைவாக வளைவொன்று கட்டுவதா, மணிக்கூடு வைப்பதா என்று ஆலோசிப்பதாக அறிகின்றேன். எதுவாயினும் மகிழ்ச்சியே. அதன் செலவில் ஒரு சிறு துளியை ஒதுக்கி, நம் கல்லூரி வாயிலிலும், நம் பழைய மாணவர்கள் கற்பிக்கும் வீதியோரப் பாடசாலைகளிலும், உறை பிரிக்காத கிருமிநீக்கிய துணிக்கட்டு, நான்கு மட்டை, ஒரு தூக்குக் கட்டில், சுவரில் 1990 என்னும் எண், இவ்வளவையும் வைப்பார்களாயின் நன்றியுடையேன். யட்டவத்தப் பாடசாலைக்குரிய மட்டைகளைத் தம்பி ஏற்கெனவே சீவி வைத்திருக்கின்றான்.

அம் மாணவன் மருத்துவமனையிலிருந்து திரும்பி முதன்முறை வகுப்புக்கு வந்த நாளில் கதவோரத்து வாங்கில் காலை நீட்டி அமர்ந்திருந்தான். அன்று பாடம் புறநானூறு 281. நான் வாசித்துப் பொருள் சொல்லிக்கொண்டே போனேன்.

"சேர், ஐயவின்னா என்ன?" என்றான்.

"வெண்கடுகு."

சற்று யோசித்தான். "புண்ணுல போடவா?"

"இல்லையடா," என்றேன், "வாசலில் தூவ."